பத்தொன்பதாம் சாட்சி

பக்கத்துக்கு மூன்று காசு எனக்கு.
சாட்சிகள் நீட்டி முழக்கினால் சந்தோஷம்தான்.

ஆயர் அனுப்பினார்.
அப்ருட்ஸோ மலையில், பனி முழங்கால் தொட,
ரோக்காவெந்தா கன்னியர் மடத்துக்குக்
கழுதைமேல் வந்து இறங்கினேன்.
மசி உறைந்திருந்தது.
கூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.
சகோதரி டொமிதில்லா இறந்து ஆறு வருடம்.
அர்ச்சியசிஷ்டவள் என்கிறது ஊர்.
ஊர் சொன்னால் போதாது,
ரோமுக்குத் தாள் வேண்டும்.

மடத்துத் தலைவி சொன்னார்:
நடுப்பூசை நேரத்தில் அவள் பாதம்
தரையைவிட்டு நான்கு விரற்கடை உயர்ந்தது.
அளந்தீர்களா என்றேன்.
நான்கு என்று எழுதும் என்றார்.

வைத்தியர் துல்லியோ:
நாடி பிடித்தேன், மணிக்கட்டில் ரோஜா மணம்.
அவர் பன்னீரும் விற்பவர்
என்பதை ஓரத்தில் குறித்துவைத்தேன்.

கழுதைக்காரன் பெரார்தினோ:
தொலைந்த என் கழுதை எங்கே என்று கேட்டேன்.
கட்டிய இடத்தில் பார் என்றார்.
அங்கேதான் ஐயா நின்றது!

இப்படிப் பதினெட்டுப் பேர்.
என் பைக்குக் கனம், எனக்குக் கொட்டாவி.

பத்தொன்பதாவது, சமையற்காரி கௌதென்சியா.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
கையில் பாதி அரிந்த வெங்காயம்.

புதுமை ஏதும் கண்டாயா?

புதுமையா?
இல்லை ஐயா. அவளிடம் எல்லாம் பழசுதான்.

முப்பத்திரண்டு வயதில் அவர் அவளோடு பேசினார்.
அடுப்படியில், காதோரமாக, மூன்று மாதம்.
அந்த மூன்று மாதமும்
இந்த மடம் கருகிய ரொட்டிதான் தின்றது.
பிறகு நிறுத்திவிட்டார்.
சண்டையில்லை, சொல்லிக்கொண்டு போகவுமில்லை.
இருபத்தோரு வருடம்.

உனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து வைக்கோல் மெத்தை என்னுடையது.
நடுராத்திரியில் கேட்பாள்:
கௌதென்சியா, உனக்கு ஏதாவது கேட்டதா?
எலி என்பேன்.
எலியாவது வந்ததே என்று சிரிப்பாள்.
சில ராத்திரி சிரிக்கவும் மாட்டாள்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.
நானும் தூங்குவதாக நடிப்பேன்.

விடியுமுன் எழுந்துவிடுவாள்.
பனிவெடிப்பில் விரலெல்லாம் ரத்தம்,
அதோடு சாம்பலைக் கிளறுவாள்.
எங்கோ அடியில் ஒரு கங்கு
பூனைக்கண் அளவுக்கு மிச்சமிருக்கும்.
குனிந்து ஊதுவாள், ஊதுவாள், இருமுவாள், ஊதுவாள்.
எதற்கடி இத்தனை பாடு,
பக்கத்து மடத்தில் நெருப்பு வாங்கி வரலாமே என்பேன்.
வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார்,
வரும்போது அடுப்பு அணைந்து கிடக்கலாமா என்பாள்.

நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.
அவள் அதைக் கவனித்தாள்.
எழுதும் ஐயா, காசு போய்விடும் என்றாள்.

கடைசியிலாவது பேசினாரா?

செத்த இரவு அவள் உதடு அசைந்தது.
தலைவியம்மாள் ஓடிவந்து ஜெபம் என்றார்கள்.
நான்தான் காதை வைத்துக் கேட்டேன்.
மாவு பொங்கிவிட்டதா பார், என்றாள்.
போய்ப் பார்த்தேன்.
பொங்கியிருந்தது.
திரும்பி வந்தபோது அவள் இல்லை.

அவ்வளவுதானா?
அவ்வளவுதான். எனக்கு உலை கொதிக்கிறது.

புதுமைகள் என்று தாளில் ஒரு கட்டம் உண்டு.
அதில் இல்லை என்று எழுதினேன்.
எழுதிவிட்டு அந்தச் சொல்லையே
மசி காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் கையெழுத்துத் தெரியாது.
பெருவிரலை மசியில் தோய்த்துப் பதித்தாள்.
வெங்காய நீர் பட்டு ரேகை
கொஞ்சம் கலங்கிவிட்டது.
வேறு தாள் தரவா என்றாள். வேண்டாம் என்றேன்.

நான்கு விரற்கடைக்கும்
ரோஜா மணத்துக்கும் நடுவே
அதை வைத்துக் கட்டி அரக்கு வைத்தேன்.
ரோமில் எந்தக் கர்தினாலாவது
அந்தப் பக்கம்வரை படிப்பாரா, தெரியாது.
படித்தால் கண் எரியும்.